இருபதில் ஒரு பங்கு

மயிலாப்பூர் கேசவப் பெருமாள் கோயிலுக்குப் பின்புறத் தெருவில் குடியிருக்கும் ஸ்ரீனிவாசராகவன் சூதாடி அல்லர். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அவரும் யாரிடம் பேசினாலும் இதைத்தான் முதலில் சொல்வார். அவர் ரம்மி ஆடுவார். ரம்மி திறமையால் ஆடுகிற ஆட்டம் என்று உச்ச நீதிமன்றமே அறுபதுகளில் சொல்லிவிட்டது. அதைப் பற்றிப் பத்திரிகையில் வந்த துணுக்கை வெட்டி, மகள் வர்ஷினியின் போட்டோவுக்குப் பின்னால் பர்ஸில் வைத்திருந்தார். போட்டோவை எடுத்துக் காட்டியதைவிடத் துணுக்கை எடுத்துக் காட்டிய தடவைகள் அதிகம்.

அரசு அலுவலகம் ஒன்றில் அவருக்கு வரைபடப் பிரிவில் வேலை. இருபத்தாறு வருஷமாகப் பாலங்கள் வரைந்துகொண்டிருந்தார். அவற்றில் மூன்று கட்டப்பட்டன. அந்தப் பிரிவில் இது பாராட்டத்தக்க விகிதம்.

மாலை வேளைகளில், வாரத்துக்கு மூன்று நாள், அவர் சித்திரக்குளம் இலக்கிய மனமகிழ் மன்றத்துக்குப் போவார். பெயரில் இலக்கியம் எப்படி வந்தது என்பது பதிவு செய்தவருக்கே மறந்துபோயிருந்தது. மன்றத்தில் இருந்த ஒரே நூல் ரயில்வே கால அட்டவணை. அதையும் ஆடும் மேஜையின் கால் ஒன்றுக்கு முட்டுக்கொடுத்திருந்தார்கள். ஆனால் பெயர்ப் பலகை தெருவைப் பார்த்து இருந்ததால், ஸ்ரீனிவாசராகவனின் மனைவி, வீட்டில் பாட்டு கிளாஸ் எடுக்கும் ஹம்சா, தன் கணவர் வாரத்தில் மூன்று நாள் இலக்கியத்தில் ஈடுபடுவதாக நம்பிவந்தாள். அவர் அந்த நம்பிக்கையைக் குலைக்கவில்லை.

மன்றத்தில் மூன்று அடுக்கு உண்டு. முன்புற வராந்தாவில் பென்ஷன்காரர்கள் பாயிண்டுக்கு ஐந்து பைசா வைத்து ஆடுவார்கள். உள்ளே கூடத்தில் பாயிண்டுக்குக் கால் ரூபாய். மாடியில் ஒரு ரூபாய். ஓர் ஆட்டத்தில் முழுசாகத் தோற்றால் எண்பது பாயிண்ட், அதாவது ஒரு ஃபுல். மாடியில் எண்பது ரூபாய் போய்விடும். சீட்டைப் பார்த்த உடனே வேண்டாம் என்று கீழே வைத்தால் இருபது பாயிண்டோடு தப்பிக்கலாம். மாடியில் ஏ.சி. இருந்தது. காபி பீங்கான் கோப்பையில் வரும். கீழே கண்ணாடி டம்ளர். ஸ்ரீனிவாசராகவனுக்கு வாழ்க்கையில் ஒரு லட்சியம்தான். அந்த மாடிப்படியைத் தகுதியோடு ஏற வேண்டும்.

தகுதி என்பதை அவர் கணக்காக வைத்திருந்தார். கையிருப்பு முழுவதையும் இருபது பங்காக வகுக்க வேண்டும். ஒரு மாலைக்கு ஒரு பங்குதான் எடுத்துப் போகலாம். அது தீர்ந்தால் எழுந்துவிட வேண்டும். அடுத்த சீட்டில் இரண்டு ஜோக்கர் வரும் என்று அசரீரி கேட்டாலும் எழுந்துவிட வேண்டும். மாடியில் ஒரு மாலை தாக்குப்பிடிக்க ஐந்நூறு ரூபாய் வேண்டும். ஆக, இருபது ஐந்நூறு, பத்தாயிரம் சேராமல் மாடியில் கால் வைப்பதில்லை. 1992 ஜூனில் பஞ்சப்படி நிலுவை வந்தது. அதில் இரண்டாயிரத்தைத் தனியே எடுத்து, மாலைக்கு நூறு வீதம், கூடத்தில் தொடங்கினார்.

அவருக்கு எதிர் நாற்காலியில் உட்காருபவர் வில்லியம். சாந்தோம் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் டிரில் மாஸ்டர். வில்லியமுக்கும் ஒரு நிதிக் கொள்கை உண்டு. அதன் பெயர் சட்டைப் பை. பையில் இருப்பது தீரும்வரை ஆடுவார். தீர்ந்தால் பஸ்ஸுக்கு இரண்டு ரூபாய் கைமாற்று வாங்கி, அதையும் வைத்து ஓர் ஆட்டம் ஆடிவிட்டு நடந்து போவார்.

மாடிக்காரர்களில் ஸ்ரீனிவாசராகவனோடு பழகியவர் மெஹபூப் பாஷா. ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறை வைத்திருந்தார். மாடிக்குப் போகிற வழியில் ஸ்ரீனிவாசராகவனின் நாற்காலிக்குப் பின்னால் ஒரு நிமிஷம் நின்று நலம் விசாரிப்பது அவர் வழக்கம்.

"இன்னா ஐயரே, மேல ஒரு சேர் காலியா கீது. வரியா?"

"ஐயங்கார்."

"சரி, ஐயங்காரே. ஐநூறு ரூபா கீதா உங்கிட்ட?"

"இருக்கு."

"அப்ப வா."

"அப்படி வரப்படாது. இருபது ஐநூறு இருக்கணும்."

"ஏன், இருபது பேரா வரப் போறியா?"

கூடமே சிரித்தது. ஸ்ரீனிவாசராகவன் சிரிக்கவில்லை. வரைந்த பாலம் கட்டப்படாதபோதும் அவர் இப்படித்தான் இருப்பார்.

இந்தக் கையிருப்பை எங்கே வைப்பது என்பதில்தான் அவருடைய மேதைமை வெளிப்பட்டது. வங்கியில் போட்டால் பாஸ்புக் வரும். பாஸ்புக்கை ஹம்சா பார்ப்பாள். அலுவலக மேஜையில் வைத்தால் சக ஊழியர்களுக்கு அவசரச் செலவு வரும். பீரோவில் வைத்தால் வீட்டுச் செலவே வரும். யாருமே கை வைக்காத, எவ்வளவு என்று கேட்காத, எதற்கு என்றும் கேட்காத ஓர் இடம் வேண்டும். வீட்டில் அப்படி ஓர் இடம்தான் இருந்தது. பெருமாள் படங்களும் சாளக்கிராமமும் இருக்கும் மர அலமாரி. அவர்கள் வீட்டு வழக்கில் அதற்குக் கோயிலாழ்வார் என்று பெயர். மஞ்சளில் நனைத்த துணியில் பணத்தை முடிந்து அங்கே வைத்துவிட்டால், அது திருப்பதிக்கு நேர்ந்துகொண்ட பணம். அதைத் தொட மயிலாப்பூரில் ஆள் கிடையாது.

மஞ்சள் முடிச்சைக் கண்ட அன்று ஹம்சா கேட்டாள்.

"ஏன்னா, என்ன வேண்டுதல்?"

"வெளியில சொல்லப்படாது."

"சரி, சொல்லாதேங்கோ."

அவ்வளவுதான். உலகத்தின் பெரிய வங்கிகள் எத்தனையோ பூட்டுப் போட்டுச் சாதிக்கிற காரியத்தை அவர் ஒரு முழம் துணியில் சாதித்துவிட்டார்.

ஒரே ஒரு சங்கடம். கோயிலாழ்வாரைத் தொட வேண்டுமென்றால் குளிக்க வேண்டும். ஆகவே ஆட்டத்துக்குப் போகும் நாள்களில் அலுவலகத்திலிருந்து வந்ததும் குளித்து, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, அலமாரி முன்னால் பத்து நிமிஷம் முதுகைக் காட்டி நின்று, உதடு அசைய எண்ணுவார். பார்ப்பவர்களுக்கு அது சஹஸ்ரநாமம். திரும்பி வந்ததும் கைகால் அலம்பிக்கொண்டு, மிஞ்சியதை முடிச்சில் சேர்ப்பார். அந்தத் தெருவில் அவருடைய பக்தி பிரசித்தமாயிற்று. எதிர்வீட்டு விசாலாக்ஷி தன் கணவனைத் திட்டும்போது அவரை உதாரணம் காட்டினாள்.

வெற்றி தோல்விகளை அவர் நினைவிலிருந்து எழுதுவதில்லை. நினைவை நம்புகிறவன் சூதாடி, எண்ணிப் பார்க்கிறவன் நிர்வாகி என்பது அவர் கட்சி. ஒவ்வொரு தடவையும் முடிச்சை அவிழ்த்ததும் இருப்பை எண்ணி, அலுவலகத்துக் கிராஃப் தாளில் இந்திய மையால் ஒரு புள்ளி வைப்பார். அந்தத் தாளில்தான் அவர் ஓர் அபூர்வ உண்மையைக் கண்டுபிடித்தார். செவ்வாய்க்கிழமை அறுபது ரூபாய் தோற்றதாகத் தோன்றும். வியாழக்கிழமை எண்ணிப் பார்த்தால் ஐந்து ரூபாய்கூடக் குறைந்திருக்காது. இது ஒரு தடவை அல்ல, பல தடவை நடந்தது. முதலில் தன் எண்ணிக்கையைச் சந்தேகித்தார். பிறகு தெளிந்தார். இதை வில்லியமுக்கும் போதித்தார்.

"வில்லியம், தோல்வி இருக்கே, அது மனசுக்குத்தான் பெரிசாத் தெரியும். ரெண்டு நாள் கழிச்சு எண்ணிப் பாருங்கோ. பாதிகூட இருக்காது."

வில்லியம் இரண்டு நாள் கழித்துத் தன் சட்டைப் பையை எண்ணிப் பார்த்தார்.

"சார், எனக்குப் போனது போனபடியே இருக்கு."

"உங்களுக்கு ஒழுக்கம் பத்தாது."

மூன்று வருஷம் இப்படிப் போயிற்று. கிராஃபின் கோடு அவர் வரைந்து கட்டப்பட்ட பாலங்களின் அணுகுசாலையைப் போல நிதானமாக மேலேறியது. 1995 ஜூலையில் ஒரு வியாழக்கிழமை எண்ணினார். பத்தாயிரத்து நாற்பது. மறுபடியும் எண்ணினார். அதேதான். கோயிலாழ்வார் முன்னால் அன்று இருபது நிமிஷம் நின்றதாக ஹம்சா பிற்பாடு விசாலாக்ஷியிடம் சொன்னாள்.

அன்று அவர் ஆடவில்லை. மன்றத்துக்குப் போய்ப் பாஷாவிடம் சொன்னார்.

"சனிக்கிழமை வரேன்."

"மெய்யாலுமா?" பாஷா அந்தக் காலி நாற்காலியைத் துடைத்து வைக்கச் சொன்னார். "ஐயங்காரு படியேறுறாரு! வில்லியம் சார், அன்னிக்கு லீவு போடுங்க."

"அன்னைக்கு எனக்கு லீவுதான்" என்றார் வில்லியம். "ஆனா வந்துடுவேன். படியில யாராவது பிடிச்சுக்கணும்ல?"

சனிக்கிழமை மாலை குளித்தார், இட்டுக்கொண்டார், ஐந்நூறு ரூபாயை எடுத்துச் சட்டைப் பையில் வைத்தார், புதுச் செருப்பு போட்டுக்கொண்டார். வாசலைத் தாண்டும்போது வர்ஷினி ஒரு கடிதத்தோடு ஓடிவந்தாள். கிண்டி பொறியியல் கல்லூரியில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. ஸ்ரீனிவாசராகவன் மகிழ்ந்தார். கடிதத்தை இரண்டு தடவை படித்தார். பெண்ணின் தலையில் கை வைத்தார். பிறகு மறுபடி செருப்பைத் தேடினார்.

"எங்க கிளம்பிண்டிருக்கேள்?" என்றாள் ஹம்சா. அவள் கண்ணெல்லாம் ஈரம். கையில் மஞ்சள் முடிச்சு. "இனிமேயாவது சொல்லலாமோன்னோ? கொழந்தை பத்தாங்கிளாஸ் படிக்கறச்சேயே முடிஞ்சு வச்சேள். இதுக்குத்தானேன்னு எனக்கு அப்பவே தெரியும். பெருமாள் குடுத்துட்டார். அவர் கடனை ஒரு நாள் வச்சிண்டிருக்கப்படாது. நாளைக்குக் காலம்பறயே கிளம்பறோம்."

நிதி நிர்வாகம் பற்றி அவர் சிந்தித்த எந்த விதியிலும் இந்த நிலைமைக்கு வழி இல்லை. இதற்காக முடிச்சுப் போடவில்லை என்று சொன்னால், மகளுக்கு என்னதான் வேண்டிக்கொண்டீர் என்ற கேள்வி வரும். வேறு எதற்கு முடிந்தீர் என்ற கேள்வியும் வரும். ஸ்ரீனிவாசராகவன் வாயைத் திறந்தார். எதிர்வீட்டிலிருந்து விசாலாக்ஷி சர்க்கரைக் கிண்ணத்தோடு வந்துகொண்டிருந்தாள். அவர் அந்த வாயில் சர்க்கரையைப் போட்டுக்கொண்டார்.

மறுநாள் பாரிமுனையில் பஸ் ஏறினார்கள். வர்ஷினி ஜன்னலோரம். முடிச்சு ஹம்சாவின் மடியில். மலைமேல் தர்ம தரிசன வரிசையில் அவர்களை ஒரு கூண்டிலிருந்து அடுத்த கூண்டுக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு கூண்டுக்கு ஒரு மணி நேரம். ஸ்ரீனிவாசராகவன் முதல் கூண்டில் யோசித்தது, முடிச்சில் தாளை வெட்டி வைத்து மாற்றிவிடலாமா என்பது. அந்த யோசனையை அவரே நிராகரித்தார். இந்தப் பெருமாள் கல்யாணத்துக்குக் குபேரனிடம் கடன் வாங்கி, வட்டியை மட்டும் கட்டி, அசலைத் தொடாமல் இத்தனை காலம் சமாளித்து வருகிறவர். பண விஷயத்தில் அவரை ஏமாற்றப் பார்ப்பது விவேகமல்ல.

இரண்டாவது கூண்டில், இருபதில் ஒரு பங்கை மட்டும் போட்டால் என்ன என்று யோசித்தார். விதி தெளிவாகத்தானே இருக்கிறது? எந்த ஓர் இடத்திலும் ஒரு பங்குக்கு மேல் வைக்கக் கூடாது. இந்தக் கருத்தைத் தெய்வத்திடம் எப்படி முன்வைப்பது என்று வாசகம் தேடிக்கொண்டிருந்தபோது ஹம்சா காதோடு கேட்டாள்.

"ஏன்னா, நேத்திக்கு எடுத்தேளே ஐநூறு, அது எங்கே?"

"எந்த ஐநூறு?"

"பத்தாயிரத்து நாப்பது இருந்தது. காலம்பற எண்ணினேன், ஒன்பதாயிரத்து ஐநூத்தி நாப்பதுதான் இருக்கு."

"நீ எண்ணுவியா?"

"தெனம் விளக்கேத்தறச்சே எண்ணுவேனே. நீங்க பெருமாள்ட்ட கைமாத்து வாங்கிண்டு போவேள், ராத்திரி வட்டியோட திருப்பி வச்சுடுவேள். நூறு எடுத்தா நூத்தி நாப்பது வைப்பேள். இந்த நாணயம் யாருக்கு வரும்னு நானே விசாலாக்ஷிட்ட சொல்லியிருக்கேன். சில நாள் மறந்துபோய்க் குறைச்சு வச்சுடுவேள். பெருமாள் பணத்துல குறை வைக்கலாமோ? நான் பாட்டு கிளாஸ் பணத்துலேர்ந்து போட்டு நேர் பண்ணிடுவேன். காலண்டர்ல பால் கணக்குக்குப் பக்கத்துலயே எழுதி வச்சிருக்கேன்."

ஸ்ரீனிவாசராகவன் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"மொத்தம் எவ்ளோ போட்டே?"

"நாலாயிரத்து முன்னூத்தி நாப்பது."

தோல்வி மனசுக்குத்தான் பெரிதாகத் தெரியும் என்ற அபூர்வ உண்மை அந்த இடத்தில் காலமாயிற்று. மூன்றாவது கூண்டுக்குக் கதவைத் திறந்தார்கள். உள்ளே போய் உட்கார்ந்ததும் அவர் சொல்லிவிட்டார்.

"ஹம்சா, நான் சீட்டாடறேன்."

முன்வரிசையில் ஒரு குழந்தைக்கு மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டிருந்தார்கள். ஹம்சா அதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"இலக்கியம்?"

"மேஜைக்கு அடியில ஒரு புஸ்தகம் இருக்கு."

"சரி. ஜெயிச்சேளா, தோத்தேளா?"

அவர் கணக்குப் போட்டார். பத்தாயிரத்து நாற்பதில் முதல் இரண்டாயிரம் போக, ஹம்சாவின் நாலாயிரத்து முந்நூற்று நாற்பது போக. "மூவாயிரத்து எழுநூறு ஜெயிச்சிருக்கேன்."

"மூணு வருஷத்துக்கா?"

"ஆமாம்."

"எட்டுக் கொழந்தைகளுக்கு ஸரளி வரிசை சொல்லிக் குடுத்தே நான் நாலாயிரத்து முன்னூறு போட்டிருக்கேன்."

ஹம்சாவுக்கு வேறொரு கவலை வந்துவிட்டது.

"சூதாட்டப் பணத்தைப் பெருமாளுக்குப் போடலாமோ?"

ஸ்ரீனிவாசராகவன் பர்ஸை எடுத்தார். வர்ஷினியின் போட்டோவுக்குப் பின்னாலிருந்த துணுக்கை எடுத்துக் கொடுத்தார். ஹம்சா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரிவரை படித்தாள்.

"திறமைன்னுதான் போட்டிருக்கு" என்றாள். "அப்ப சரி. ஐநூறை எடுங்கோ."

எடுத்துக் கொடுத்தார். அவள் முடிச்சை அவிழ்த்து, அதையும் சேர்த்து, மூன்று முடிச்சாக இறுக்கினாள்.

அந்த நிலையிலும் அவருடைய மூளை வேலையை நிறுத்தவில்லை. ஹம்சாவின் பணத்தைக் கழித்தால் அவருடைய கையிருப்பு ஐயாயிரத்து எழுநூறு. அதில் இருபதில் ஒரு பங்கு இருநூற்று எண்பத்தைந்து. ஐந்நூறு அல்ல. நேற்று மாடிப்படி ஏறியிருந்தால், தன் விதியைத் தானே மீறியிருப்பார். வர்ஷினியின் கடிதம் பத்து நிமிஷம் தாமதமாக வந்திருந்தால் ஒரு பெரும் ஒழுக்கக்கேடு நிகழ்ந்திருக்கும். இந்த எண்ணம் அவருக்கு ஆறுதல் தந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் கணக்கு சரியாக இருந்தது.

உண்டியலின் வெள்ளைத் துணிக்குள் அவரே கையை விட்டுப் போட்டார். ஹம்சா அவர் முழங்கையைத் தொட்டுக்கொண்டு நின்றாள், பாதி அவளுடையது என்பதால்.

செவ்வாய்க்கிழமை அவர் மன்றத்துக்குப் போனபோது பாஷா படியிலேயே காத்திருந்தார்.

"இன்னா ஐயங்காரே, சனிக்கிழமை சேரைத் தொடச்சு வச்சிட்டு முழிச்சுக்கினு இருந்தோம். துட்டு இன்னா ஆச்சு?"

"போயிடுத்து."

"எல்லாத்தையுமா? யாராண்ட உட்டே?"

"உண்டியல்ல."

பாஷா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "சாமிக்கா போட்டே? நல்ல எடம்தான், நைனா. ஆனா ஒரே ஆட்டத்துல மொத்தத்தையும் வச்சுட்டியே. இருபதுல ஒரு பங்குன்னு எங்களுக்கெல்லாம் கிளாஸ் எடுத்தியே?"

வில்லியம் எழுந்து வந்து தன் சட்டைப் பையிலிருந்து நூறு ரூபாயை எடுத்து நீட்டினார். மூன்று வருஷத்தில் அவர் பணத்தை மேஜையைத் தவிர வேறு பக்கம் நீட்டியது அதுதான் முதல் தடவை.

"வேண்டாம், வில்லியம். கைமாத்து வாங்கி ஆடறது நிர்வாகம் ஆகாது."

"அப்ப எதை வச்சு ஆடுவீங்க?"

அதற்கு வீட்டில் ஏற்பாடு ஆகியிருந்தது. திருப்பதியிலிருந்து திரும்பிய அன்றே ஹம்சா புது மஞ்சள் துணியில் பதினோரு ரூபாய் முடிந்து வைத்துவிட்டாள். இந்தத் தடவை வேண்டுதல் வர்ஷினியின் படிப்பு நல்லபடி முடிய; அதை அவள் உரக்கவே சொன்னாள். அவர் அதிலிருந்து எடுத்து ஆடலாம். ஆனால் இருபதில் ஒரு பங்குதான். எண்ணுவது அவள். தோற்ற நாளில் நேர் பண்ணுவது இனி கிடையாது. மாதாமாதம் பாட்டு கிளாஸில் எல்லா ஃபீஸும் வந்த பிறகு அதிலிருந்து பத்து ரூபாய் மட்டும் சேரும்.

பதினோரு ரூபாயில் இருபதில் ஒரு பங்கு ஐம்பத்தைந்து பைசா. வராந்தாவில் ஐந்து பைசா மேஜையில் அது பதினோரு பாயிண்ட். சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று கீழே வைப்பதற்கே இருபது பாயிண்ட் வேண்டும். அங்கே ஒரு ஃபுல்லைத் தாங்க நாலு ரூபாய். அதற்கு முடிச்சில் எண்பது ரூபாய் சேர வேண்டும். விதி விதிதான்.

ஆகவே 1995 ஆகஸ்டிலிருந்து அவர் வாரத்துக்கு மூன்று நாள் மன்றத்துக்குப் போய், வராந்தாவில் பென்ஷன்காரர்களுக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறார். யாருக்கும் சீட்டுச் சொல்லிக்கொடுப்பதில்லை. மாடியில் அவருடைய நாற்காலியில் பாஷா தன் பையை வைத்துக்கொள்கிறார். புதுக் கிராஃப் தாளில் இரண்டு கோடு போட இடம் விட்டிருக்கிறார். ஹம்சாவின் கோடு சிவப்பு மையில் இருக்கிறது, அவருடையது இன்னும் தொடங்கவில்லை.

இந்தப் பொங்கலுக்கு முடிச்சில் இருப்பு அறுபத்தொரு ரூபாய். எழுபத்தொன்று இருந்திருக்க வேண்டும். வில்லியம் ஏன் என்று கேட்டார்.

"கீழாத்துப் பொண்ணு ஜனவரி ஃபீஸ் இன்னும் குடுக்கலை" என்றார் ஸ்ரீனிவாசராகவன், ஆட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "ஜண்டை வரிசையில தடுமாறிண்டிருக்காளாம்."